ஆடியவர் ஆட்டுவிக்கிறார்

காயங்கள் ஆட்டத்தை நிறுத்தியபோது காலித் ஜமீலுக்குக் கிடைத்தது ஒரு சிறிய கிளப்பின் பயிற்சியாளர் வேலை. பிறகு கிடைத்தவற்றில் பெரும்பாலானவை அவசர வேலைகள். அவற்றைச் செய்தே இந்திய அணிவரை வந்த கதை இது.

2017 ஏப்ரல் 30. ஷில்லாங் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் அன்று உள்ளூர் ரசிகர்களுக்கு இணையாக வெளியூர்க்காரர்கள். மிஜோரமிலிருந்து மலைப்பாதைகளில் வண்டி கட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் வந்திருந்தார்கள். ஐ-லீக் போட்டியின் கடைசி நாள். ஐஸ்வால் எப்.சி.க்கு ஒரு டிரா போதும், இந்தியாவின் சாம்பியன் ஆகிவிடலாம்.

ஆனால் ஒன்பதாவது நிமிடத்திலேயே ஷில்லாங் லாஜாங் கோல் போட்டுவிட்டது. கோல் அடித்தவர் டிபாண்டா டிக்கா. அதே நேரத்தில் கொல்கத்தாவில் சென்னை சிட்டி அணியோடு மோதிக்கொண்டிருந்தது மோகன் பகான். ஐஸ்வால் தோற்று, பகான் ஜெயித்தால் கோப்பை கொல்கத்தாவுக்கு. பதற்றம் 67ஆவது நிமிடம்வரை நீடித்தது. வில்லியம் லால்னுன்ஃபெலா சமன் செய்தார். 1-1. ஆட்டம் அப்படியே முடிந்தது. மோகன் பகான் தன் ஆட்டத்தில் ஜெயித்தும் பயனில்லை. ஐஸ்வாலுக்கு 37 புள்ளிகள், பகானுக்கு 36.

வடகிழக்கிலிருந்து தேசிய லீக்கை வென்ற முதல் கிளப் ஐஸ்வால். அதற்கு முந்தைய சீசனில் அந்த அணி பட்டியலின் அடியில் கிடந்து, லீக்கைவிட்டே கீழிறக்கப்பட்ட அணி. கோவாவின் பெரிய கிளப்கள் கோபித்துக்கொண்டு விலகியதால்தான் அதற்கு மறுபடி இடம் கிடைத்தது. வீரர்களுக்கான செலவு சுமார் ரூ. 2 கோடி என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. கொல்கத்தா, பெங்களூர் கிளப்களின் கணக்கில் இது சில்லறை. இங்கிலாந்தில் 2016இல் லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக்கை வென்ற அதிசயத்தோடு இதை ஒப்பிடாத விளையாட்டு நிருபர் இல்லை.

இந்த அணியைப் பயிற்றுவித்தவர் காலித் ஜமீல். அப்போது வயது 40. சில மாதங்களுக்கு முன்புதான், ஏழு ஆண்டுகள் கட்டிக் காத்த மும்பை எப்.சி. கிளப் அவரை அனுப்பியிருந்தது. அதே சீசனில் அந்த மும்பை எப்.சி. கடைசி இடத்துக்குச் சரிந்து கீழிறங்கியது. அனுப்பப்பட்டவர் உச்சியில், அனுப்பியவர்கள் அடியில்!

காணாமல்போன கிளப்கள்

காலித் 1977இல் குவைத்தில் பிறந்தவர். பெற்றோர் பஞ்சாபி வம்சாவளி இந்தியர்கள். கால்பந்து வாழ்க்கை மும்பையில். நடுக்கள ஆட்டக்காரர். இந்தியாவுக்காகவும் ஆடியவர். பாய்ச்சுங் பூட்டியா, ஐ.எம். விஜயன் காலத்தில் ஆடியதாலோ என்னவோ, அவர் பெயர் பொதுமக்களிடம் போய்ச் சேரவில்லை.

அவர் ஆடிய காலத்தில் இந்தியக் கால்பந்து கம்பெனிகளின் நிழலில் வாழ்ந்தது. மஹிந்திராவுக்கு ஒரு அணி, ஏர் இந்தியாவுக்கு ஒரு அணி, பஞ்சாபில் ஜே.சி.டி. மில்லுக்கு ஒரு அணி. சம்பளம் மாதமானால் வரும். காலித் மஹிந்திரா யுனைடெட்டிலும் ஏர் இந்தியாவிலும் ஆடினார். மறுபடி மஹிந்திராவுக்கு வந்தார். மஹிந்திரா 2005-06இல் தேசிய லீக்கை வென்றது. 2007இல் மும்பை எப்.சி. என்ற புதிய கிளப் தொடங்கியபோது அதில் சேர்ந்தார். முதல் பயிற்சியாளர் இங்கிலாந்துக்காரர் டேவிட் பூத். ஆனால் காலித்தின் உடம்பு ஒத்துழைக்கவில்லை. காயத்துக்குமேல் காயம். ஆடியதைவிட உட்கார்ந்திருந்ததே அதிகம்.

அவர் ஆடிய மூன்று அணிகளின் கதியைப் பாருங்கள். மஹிந்திரா யுனைடெட் 2010இல் கலைக்கப்பட்டது. ஏர் இந்தியா 2013இல் ஐ-லீக்கிலிருந்து வெளியேறியது. மும்பை எப்.சி. 2017க்குப் பிறகு பெரிய லீக் பக்கமே தலைகாட்டவில்லை. மற்ற நாடுகளில் பழைய வீரருக்குத் தன் கிளப் ஒரு தாய்வீடு. ஆட்டம் முடிந்ததும் ஜூனியர் அணிக்குப் பயிற்சி கொடுப்பார், வீரர்களைத் தேடித் திரிவார், மெல்ல மெல்ல மேலே வருவார். இந்தியாவில் தாய்வீடே இடிந்துவிடுகிறது.

இந்தச் சூழலில் 2009இல் மும்பை எப்.சி. தன் வீரர்களில் ஒருவரையே பயிற்சியாளராக்கியது. காலித்துக்கு அப்போது வயது 32. நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து ஷூ கட்டியவர்களுக்கு இன்று யார் ஆடுவது, யார் வெளியே என்று சொல்ல வேண்டும். வீரருக்குத் தன் இடம், தன் ஆட்டம், தன் சம்பளம் என்று மூன்று கவலை. பயிற்சியாளருக்கு 25 பேரின் மூன்று கவலைகளும் சேர்ந்து தலையில் விழும். அத்தோடு முதலாளியின் கவலையும்.

மும்பை எப்.சி.யிடம் பணம் குறைவு. பெரிய வெளிநாட்டு வீரர்களை வாங்க முடியாது. காலித் எடுத்த வழி எளிமையானது: முதலில் கோல் வாங்காதே. பின்வரிசையை இறுக்கு, நடுவில் இடைவெளி விடாதே, கிடைக்கும் ஒன்றிரண்டு வாய்ப்பில் அடி. பார்க்க அழகாக இல்லை என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அவர் இருந்த ஏழு ஆண்டுகளில் மும்பை எப்.சி. ஒருமுறைகூட கீழிறங்கவில்லை. கோப்பையும் இல்லை, கீழிறக்கமும் இல்லை. இப்படிப்பட்ட சாதனைக்கு யாரும் மாலை போடுவதில்லை. 2016இல் கிளப் வேறு ஆளைத் தேடியது.

ஐஸ்வால் பாடம்

ஐஸ்வாலுக்கு அவர் போனபோது கையில் இருந்தவை மூன்று. முதலாவது, மிஜோ இளைஞர்கள். சுமார் 11 லட்சம் மக்கள்தொகை கொண்ட அந்த மாநிலத்தில் கால்பந்து ஒரு வெறி. ஓடச் சொன்னால் ஓடிக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவது, மும்பையில் அவர் அறிந்து வைத்திருந்த வீரர்கள். பின்வரிசை ஆட்டக்காரர் அஷுதோஷ் மேத்தா, சென்னையின் எப்.சி.க்கும் ஆடியிருந்த ஜயேஷ் ராணே ஆகியோர் பெரிய கிளப்களின் கண்ணில் படாமல் இருந்தவர்கள். மூன்றாவது, விலை குறைந்த, ஆனால் சரியான வெளிநாட்டினர். சிரியாவின் மஹ்மூத் அல் அம்னா நடுக்களத்தின் மூளை. லைபீரியாவின் ஆல்பிரட் ஜரியான் அவருக்குக் காவல். ஐவரி கோஸ்ட்டின் கமோ பாயி முன்னால்.

சந்தையில் எல்லாரும் தேடும் சரக்கை வாங்க ஐஸ்வாலிடம் காசில்லை. எனவே எவரும் தேடாததைத் தேட வேண்டும். அதற்கு ஏழு ஆண்டு ஐ-லீக் அனுபவம் உதவியது. எந்த வீரர் எந்த அணியில் பெஞ்சில் வாடுகிறார், எவர் காயத்திலிருந்து மீண்டிருக்கிறார், எவருக்கு மனக்குறை என்று காலித்துக்கு மனப்பாடம். புதிதாக விமானத்தில் வந்திறங்கும் ஐரோப்பியப் பயிற்சியாளருக்கு இந்தத் தகவலைத் திரட்டவே ஒரு சீசன் ஆகும்.

கடைசிக்கு முந்தைய வாரம், ஏப்ரல் 22 அன்று, ஐஸ்வாலின் ராஜிவ் காந்தி ஸ்டேடியத்தில் மோகன் பகானோடு மோதல். 83ஆவது நிமிடத்தில் பின்வரிசை வீரர் ஸோமிங்லியானா ரால்டே தலையால் முட்டினார். 1-0. கோப்பை கைக்கு எட்டியது. 18 ஆட்டங்களில் 11 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. அதிரடி எதுவும் இல்லை. சிந்தாமல் சிதறாமல் சேர்த்த கணக்கு.

வெற்றிக்குப் பின் நடந்தது வெற்றியைவிடப் பெரிய பாடம். பணக்கார கிளப்கள் வந்தன, வீரர்களைக் கொத்திக்கொண்டு போயின. காலித்தையும் அல் அம்னாவையும் ஈஸ்ட் பெங்கால் அழைத்துக்கொண்டது. சாம்பியன் ஆன ஐஸ்வாலுக்கோ, ஐ.எஸ்.எல். என்ற பணக்கார லீக் வந்தபின் இரண்டாம் தட்டுக்குத் தள்ளிவிடுவார்களோ என்ற பயம். சாகும்வரை உண்ணாவிரதம் இருப்போம் என்று கிளப் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போனது. சாம்பியன் கிளப் தன் இடத்துக்காகப் பட்டினிப் போர் அறிவித்தது கால்பந்து உலகில் வேறெங்கு நடந்தது?

கொல்கத்தாவில் கோச் என்றால்...

இந்தியப் பயிற்சியாளர்கள் நட்சத்திரங்களாக இருந்த காலம் ஒன்று உண்டு. பி.கே. பானர்ஜி 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியக் கேப்டன். பெரும்பாலும் ஆடியது ஈஸ்டர்ன் ரயில்வேக்கு. பூட்ஸைக் கழற்றிய பின் 1972இல் ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளரானார். 1975 ஐ.எப்.ஏ. ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5-0 என்று நொறுக்கியது அவர் அணி. ஆட்டத்துக்கு முன் வீரர்களுக்கு அவர் கொடுத்த வீர உரைக்கு 'வோகல் டானிக்' என்றே பெயர்.

1997 ஜூலை 13 அன்று கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் பெடரேஷன் கோப்பை அரையிறுதி. 1,30,000க்கும் அதிகமான கூட்டம். பாய்ச்சுங் ஹாட்-ட்ரிக் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று பகானைத் தோற்கடித்தது. அன்று கூட்டம் வந்தது வீரர்களைப் பார்க்க மட்டுமல்ல. ஒரு பக்கம் பி.கே., மறுபக்கம் 'டைமண்ட்' முறையைக் கொண்டுவந்த அமல் தத்தா. இருவரும் இந்தியாவுக்கு ஆடியவர்கள். ஒரு வாரமாகப் பத்திரிகைகளில் மோதிக்கொண்டிருந்தவர்கள். இரண்டு இந்தியக் கோச்களின் வாக்குவாதம் ஒரு ஸ்டேடியத்தை நிரப்பியது.

அதன் பிறகும் மரபு தொடர்ந்தது. முன்னாள் வீரர் சுபாஷ் பௌமிக் 2003இல் ஈஸ்ட் பெங்காலை ஆசியான் கிளப் சாம்பியன் ஆக்கினார். தேசிய லீக்கையும் தொடர்ந்து இருமுறை வென்று தந்தார். கோவாவில் அர்மாண்டோ கொலாசோ டெம்போவுக்கு ஐந்து லீக் பட்டங்கள் வாங்கிக்கொடுத்தார்.

காலித் 2017இல் போய்ச் சேர்ந்தது இந்த மரபுள்ள ஊருக்கு. ஆனால் பழைய மரியாதை மிஞ்சியிருக்கவில்லை. 2003-04க்குப் பிறகு தேசிய லீக்கை வெல்லாத ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரே சீசனில் பட்டம் வேண்டும். கிடைத்தது நாலாவது இடம். சீசன் முடியும் தறுவாயில் அதே சுபாஷ் பௌமிக்கைக் கொண்டுவந்து டெக்னிகல் டைரக்டராக அவருக்கு மேல் உட்கார வைத்தார்கள். 2018 சூப்பர் கோப்பை இறுதியில் பெங்களூர் எப்.சி. 4-1 என்று வென்றது. காலித்தின் கொல்கத்தா வாசம் முடிந்தது.

பேச்சுக் குறைந்த மனிதர் அவர். நிருபர்கள் கேட்ட கேள்விக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. கொல்கத்தாவில் கோச் என்பவர் மைதானத்தில் பாதி வேலையும், அதிகாரிகள், ரசிகர்கள், பத்திரிகைகள் நடுவே மீதி வேலையும் பார்க்க வேண்டியவர். முதல் பாதியில் தேறினாலும் இரண்டாவது பாதி அவருக்குக் கைவரவில்லை.

கோடிகள் வந்தன, கோச்கள் மாறினார்கள்

2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல். இந்தியக் கால்பந்தின் முகத்தை மாற்றியது. சினிமா நட்சத்திரங்கள், கிரிக்கெட் வீரர்கள், தொழிலதிபர்கள் அணிகளை வாங்கினார்கள். கோடிகள் புரண்டன. பயிற்சியாளர் இருக்கை ஐரோப்பாவுக்குப் போயிற்று. முதல் சீசனிலிருந்து 2024-25 வரை ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டியில் கோப்பை தூக்கிய பயிற்சியாளர்கள் அத்தனை பேரும் வெளிநாட்டவர்.

வெளிநாட்டுப் பயிற்சியாளர்களால் லாபம் இல்லாமல் இல்லை. உணவு, உடற்பயிற்சி, எதிரணியை வீடியோ போட்டு அலசுவது எல்லாமே முறைப்பட்டன. அவர்களுக்குக் கீழே வேலை பார்த்த இந்தியர்களும் கற்றுக்கொண்டார்கள். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பயிற்சியாளர் சான்றிதழ்களில் அடிமட்டத்திலிருந்து ஏறி, உச்சியில் இருக்கும் 'புரோ லைசென்ஸ்' பெற்ற முன்னாள் வீரர்கள் உருவானார்கள். காலித்தும் அதைப் பெற்றார். ஆனால் சான்றிதழ் வாங்கியவர்களுக்குக் கிடைத்தது துணைப் பயிற்சியாளர் பதவி. தலைமைப் பதவி கிடைத்தால் அதற்கு முன்னால் ஒரு சொல் ஒட்டியிருக்கும்: தற்காலிக.

2019 ஜனவரியில் மோகன் பகான் பயிற்சியாளர் சீசன் நடுவில் ராஜினாமா செய்தார். கூப்பிடப்பட்டவர் காலித். பிறகு குவாஹாட்டியின் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டில் துணைப் பொறுப்பு. 2020 பிப்ரவரியில் குரோஷியாவின் ராபர்ட் யார்னி நீக்கப்பட்டார். தற்காலிகப் பொறுப்பு காலித்துக்கு. அடுத்த சீசனுக்கு ஸ்பெயினிலிருந்து ஜெரார்ட் நுஸ் வந்தார். 2021 ஜனவரியில் அவரும் போனார். மறுபடி காலித். மறுபடி தற்காலிகம்.

இந்த முறை நடந்ததைக் கணக்கோடு சொல்ல வேண்டும். நுஸ் போனபோது அணி 11 ஆட்டங்களில் 12 புள்ளிகள் எடுத்திருந்தது. காலித்தின் பொறுப்பில் மிச்சம் 9 லீக் ஆட்டங்கள். ஆறு வெற்றி, மூன்று டிரா, தோல்வி இல்லை. 21 புள்ளிகள். வீரர்களில் பெரும்பாலோர் அதே ஆட்கள்தான். அணி மூன்றாவது இடத்தில் முடித்து அரையிறுதிக்குப் போனது. ஐ.எஸ்.எல். அரையிறுதிக்கு ஓர் அணியைக் கொண்டுபோன முதல் இந்தியப் பயிற்சியாளர் அவர். அங்கே ஏ.டி.கே. மோகன் பகானிடம் இரு ஆட்டங்களும் சேர்த்து 3-2 என்று தோற்றார்கள்.

இதன் பிறகு, 2021 அக்டோபரில்தான், 'தற்காலிக' என்ற சொல் நீக்கப்பட்டது. ஐ.எஸ்.எல். தொடங்கி ஏழு சீசன் முடிந்த பிறகு ஒரு கிளப்புக்கு முழுநேர இந்தியத் தலைமைப் பயிற்சியாளர்!

அந்தக் கதை இனிமையாக முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2021-22 சீசனில் நார்த் ஈஸ்ட் 11 அணிகளில் பத்தாவது. அவசரத்துக்கு அணியைத் தூக்கி நிறுத்துவது வேறு, ஓர் அணியை ஆரம்பத்திலிருந்து கட்டுவது வேறு என்று சிலர் சொன்னார்கள். நியாயமான விமர்சனம். ஆனால் ஐரோப்பியர் ஒருவர் தோற்றால் அந்த ஆளைக் குறை சொல்வார்கள். இந்தியர் தோற்றால் இந்தியக் கோச்களே லாயக்கில்லை என்பார்கள். காலித்தின் தோல்விக்கு மற்றவர்களும் சேர்ந்து விலை கொடுத்தார்கள்.

வென்றவருக்கு என்ன பரிசு?

கிளிஃபோர்ட் மிராண்டாவின் கதை இதற்கு நல்ல சாட்சி. கோவாக்காரர், டெம்போவின் நட்சத்திர வீரர். 2023இல் ஒடிசா எப்.சி. தன் ஸ்பெயின் பயிற்சியாளரைப் பிரிந்தபோது சூப்பர் கோப்பைக்குத் தற்காலிகப் பொறுப்பு அவரிடம் வந்தது. ஏப்ரல் 25 அன்று கோழிக்கோட்டில் பெங்களூரை 2-1 என்று வென்று கோப்பையை வாங்கிக் கொடுத்தார். கிளப்பின் முதல் பெரிய கோப்பை. அடுத்த சீசனுக்கு ஒடிசா நியமித்தது ஸ்பெயினின் செர்ஜியோ லொபேராவை. கோப்பை வென்ற மிராண்டா மோகன் பகானுக்குத் துணைப் பயிற்சியாளராகப் போனார்.

ஆட்டத்திலிருந்து நிர்வாகத்துக்குப் போக வேறொரு வழியும் உண்டு: சொந்தமாக கிளப் தொடங்குவது. காலித்தின் தலைமுறையின் பெரும் பெயரான பாய்ச்சுங் பூட்டியா அதைச் செய்து பார்த்தார். 2011இல் தன் மாநிலத்துக்காக யுனைடெட் சிக்கிம் கிளப்பை முன்னின்று தொடங்கினார். அது 2012இல் இரண்டாம் டிவிஷனிலிருந்து ஐ-லீக்குக்கு ஏறியது. ஒரே சீசனில் கீழே இறங்கியது. பணத்தட்டுப்பாடு அதை நிமிரவிடவில்லை. அந்தக் குறுகிய காலத்தில் அங்கே வளர்ந்த ஒரு சண்டிகர் பையன், சந்தேஷ் ஜிங்கன், பிற்பாடு இந்திய அணியின் பின்வரிசைத் தூணானார். விளம்பரதாரரின் பணம் நின்றால் பாய்ச்சுங்கின் புகழாலும் ஒரு கிளப்பை ஓட்ட முடியாது என்பதே அந்தக் கதை சொன்னது.

ஜாம்ஷெட்பூரின் மறுவாழ்வு

நார்த் ஈஸ்ட்டுக்குப் பிறகு காலித் ஐ.எஸ்.எல். வெளிச்சத்திலிருந்து ஒதுங்கியிருந்தார். 2023 டிசம்பர் கடைசியில் ஜாம்ஷெட்பூர் எப்.சி. கூப்பிட்டது. வழக்கம்போல சீசனின் நடுவே, வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் போன இடத்துக்கு. அந்த சீசன் தேறவில்லை. ஆனால் கிளப் பொறுமை காட்டியது. காலித்துக்கு நெடுநாளாகக் கிடைக்காத ஒன்று கிடைத்தது: சீசன் தொடங்குவதற்கு முன்பே அணியைத் தயார் செய்யும் அவகாசம்.

பலன் 2024-25இல் தெரிந்தது. 13 அணிகள் ஆடிய லீக்கில் ஜாம்ஷெட்பூர் ஐந்தாவது. பிளே-ஆஃபில் அவருடைய பழைய நார்த் ஈஸ்ட் அணியையே ஷில்லாங்கில் 2-0 என்று வென்றது. ஐஸ்வால் சாம்பியன் ஆன அதே ஷில்லாங். அரையிறுதியில் சொந்த மண்ணில் மோகன் பகானை 2-1 என்று சாய்த்தது. கொல்கத்தாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் கூடுதல் நேரத்துக்குப் போக ஓரிரு நிமிடமே பாக்கி இருந்தபோது வாங்கிய கோலால் 2-0 என்று தோற்று வெளியேறியது. அடுத்த மாதம் சூப்பர் கோப்பை இறுதிவரை போய் கோவாவிடம் தோற்றது. அந்த ஐ.எஸ்.எல். சீசனைத் தொடங்கி முடித்த தலைமைப் பயிற்சியாளர்களில் இந்தியர் அவர் ஒருவரே. இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் அவரைச் சிறந்த பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்தது.

ஆளில்லாத நாற்காலி

2025 ஜூலையில் இந்திய அணியின் பயிற்சியாளர் பதவி காலியானது. ஸ்பெயினின் மனோலோ மார்க்கெஸ் பொறுப்பில் எட்டு ஆட்டங்களில் ஒரே வெற்றி. ஹாங்காங்கிடம் தோற்ற பிறகு விலகினார். சம்மேளனத்தின் கஜானா வற்றிக் கிடந்தது. ஐ.எஸ்.எல். நடத்தும் ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்ததால் அடுத்த சீசனே நிறுத்திவைக்கப்பட்டது. வீரர்களுக்கு லீக் எப்போது, சம்பளம் எப்போது என்று தெரியாத நேரம். அந்தச் சமயத்தில்தான் பார்சிலோனாவின் பழைய நட்சத்திரம் ஸாவி பெயரில் ஒரு விண்ணப்பம் வந்ததாகவும், செலவு கட்டுப்படியாகாது என்று ஒதுக்கியதாகவும் செய்தி வந்தது. அந்த ஈமெயிலே போலி என்று பிறகு தெரிந்தது. நாடு சிரித்தது.

170 விண்ணப்பங்களை அலசி, மூன்று பேரைச் சுருக்கி, 2025 ஆகஸ்ட் 1 அன்று சம்மேளனம் காலித் ஜமீலின் பெயரை அறிவித்தது. 2012இல் சாவியோ மெதேரா விலகியபின் 13 ஆண்டுகள் கழித்து முழுப் பொறுப்போடு ஓர் இந்தியர்.

முதல் மாதமே நெருக்கடி. மத்திய ஆசிய நாடுகளின் 'காஃபா' கோப்பைக்கு மோகன் பகான் தன் வீரர்களை விடவில்லை. சுனில் சேத்ரியை காலித் சேர்க்கவில்லை. கையில் இருந்ததைக் கொண்டு போனார். தஜிகிஸ்தானை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்றார்கள். ஈரானிடம் 3-0 என்று தோற்றார்கள். செப்டம்பர் 8 அன்று மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் ஓமானோடு 1-1. பெனால்ட்டியில் 3-2 என்று ஜெயித்தார்கள். இருப்பதை வைத்துச் சமாளிக்கும் பழைய மும்பை எப்.சி. வித்தை மறுபடி பலித்தது.

ஆனால் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பலிக்கவில்லை. சிங்கப்பூரில் கடைசி நிமிடத்தில் தப்பித்து 1-1. அக்டோபர் 14 அன்று கோவாவில் முதலில் கோல் போட்டும் 2-1 என்று சிங்கப்பூரிடமே தோல்வி. 2027 ஆசியக் கோப்பை கனவு கலைந்தது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 1-0. அந்த நாட்டிடம் 22 ஆண்டுகளில் முதல் தோல்வி. புகழ்ந்த வாய்களே திட்டத் தொடங்கின. வெளிநாட்டுக் கோச் வேண்டும் என்ற பழைய பல்லவி மறுபடி கேட்டது.

இந்தத் தோல்விகளில் காலித்தின் பங்கு இல்லாமல் இல்லை. முன்னிலை பெற்றும் அதைக் காக்கத் தெரியாமல் போனது, கோல் காப்பதையே தொழிலாகக் கொண்ட பயிற்சியாளருக்குக் கௌரவம் அல்ல. அதே நேரத்தில், லீக் ஆட்டமே இல்லாமல் மாதக்கணக்கில் சும்மா இருந்த வீரர்களை முகாமில் வைத்து உடம்பைத் தேற்றி, உடனே போட்டிக்கு அனுப்ப வேண்டிய நிலைமை எந்தப் பயிற்சியாளருக்கும் சோதனைதான்.

இங்கே கேள்வி ஒரு மனிதரின் திறமையைப் பற்றியது மட்டும் அல்ல. நிதானமாக ஒப்பந்தம் போட்டு, முழு சீசன் கொடுத்து, தோற்றாலும் அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று சொன்ன கிளப்கள் அவர் வாழ்க்கையில் இரண்டு: மும்பை எப்.சி.யும் ஜாம்ஷெட்பூரும். மும்பை அவரிடமிருந்து ஏழு ஆண்டு பாதுகாப்பைப் பெற்றது. ஜாம்ஷெட்பூர் ஓர் அரையிறுதியையும் ஓர் இறுதிப் போட்டியையும் பெற்றது. மற்ற இடங்களில் பெரும்பாலும் அவர் வீடு தீப்பற்றியபின் கூப்பிடப்பட்ட ஆள். தீயை அணைப்பார், அணைந்ததும் வீட்டைக் கட்ட வேறொருவர் விமானத்தில் வருவார்.

ஆண்டுதோறும் இந்திய மைதானங்களிலிருந்து வீரர்கள் ஓய்வு பெறுகிறார்கள். அவர்களில் பலர் சொந்தச் செலவில் பயிற்சியாளர் படிப்புக்குப் போய் வகுப்பறையில் உட்காருகிறார்கள். படித்து முடித்தபின் எங்கே வேலை செய்து தவறிழைத்துக் கற்றுக்கொள்வது என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை. பி.கே.க்கும் அமல் தத்தாவுக்கும் அந்த இடத்தைக் கொல்கத்தா கொடுத்தது. காலித்துக்கு மும்பையின் ஓர் ஏழை கிளப் கொடுத்தது. அந்த கிளப் இப்போது இல்லை. அடுத்த காலித்துக்கு 32 வயதில் அணியை நம்பிக் கொடுக்கப் போகிற கிளப் எது என்பதைச் சம்மேளனமும் ஐ.எஸ்.எல். முதலாளிகளும்தான் சொல்ல வேண்டும்.